வேலை இழந்த பின் வீட்டு வேலையைத் தொடர்வதா? வாடை மழைக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போது உத்தியோகம் போய்விட்டால், அன்றிரவே குடும்பத்தில் எழும் கேள்வி தொடர்வதா, நிறுத்துவதா என்பதுதான். 2020இல் எங்கள் வீட்டிலும் அதுவே எழுந்தது. நான் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் வேலை செய்தேன். மார்ச் மாதம் ஊரடங்கு வந்து, விருந்தினர் வரத்து அற்றுப்போய், ஆடி மாதத்தில் என் வேலையும் போயிற்று. அப்போது வீட்டின் பின்பக்கக் கூரை பிரிக்கப்பட்டிருந்தது. மேல்மாடிக்கான தூண்கள் பாதி எழும்பி, அவற்றின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மறுநாளே மேசனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூரை இல்லாத பகுதிக்குத் தறப்பாள் கட்டினேன். டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது தறப்பாள் கிழிந்தது. சுவர் வழியே இறங்கிய நீர் மின்கம்பிக் குழாய்களுக்குள்ளும் புகுந்தது. அந்தக் கூரையை மூடுவதற்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய பணத்தைவிட அதிகமாக அடுத்த ஆண்டு பழுதுபார்க்கச் செலவிட்டேன். மேல்மாடியை நிறுத்தியது சரியான முடிவு, கூரையை நிறுத்தியது பிழையான முடிவு. இரண்டையும் ஒரே முடிவாக எடுத்ததே என் தவறு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வியைக் கேட்பதாகும்: இதை இன்று இருக்கும் நிலையிலேயே விட்டால், மார்கழி முடிவதற்குள் வீட்டுக்கு என்ன நேரும்? எங்கள் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி வாடையோடு வந்து சேருகிறது; வைகாசி முதல் ஆவணி வரையான காய்ந்த மாதங்களே கட்டட வேலைக்கு உரியவை. ஆனியில் வேலை இழந்தவருக்கு யோசிக்க நான்கு மாதங்கள் உண்டு. புரட்டாதியில் இழந்தவருக்குச் சில வாரங்கள்தான். அவர் பணக்கணக்கு முழுமையாகத் தெளியும்வரை காத்திருக்காமல், மழை புகும் வழிகளை மட்டும் அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது பணம். கையில் இருப்பதையும், சட்டப்படி வரவேண்டியதையும், வரக்கூடும் என்று நம்புவதையும் மூன்று தனி நிரல்களில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பக்கூடிய உதவி மூன்றாவது நிரலுக்கு உரியது, அதை நம்பி ஒரு கல்லும் வைக்கக்கூடாது. 15 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனத்தில் நீங்கள் 5 ஆண்டுகளை நிறைவு செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதத் தொகை உங்களுக்கு உரியது. 80,000 ரூபாய் சம்பளத்தில் 9 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு அது 360,000 ரூபாய். வேலைகொள்வோர் மாதந்தோறும் சம்பளத்தின் 3 சதவீதத்தைக் கட்டிவந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் பணத்தையும் வேலை நீங்கியதும் கோரலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் மறுமுறை எடுக்க 5 ஆண்டுகள் செல்ல வேண்டும். ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல. வேலை போனது என்ற காரணத்தால் மட்டும் அது கைக்கு வராது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆக வேண்டும். அதனை இரண்டாவது நிரலில் எழுதிவிட்டு ஏமாந்தவர்களை அறிவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையை விட்டு நீக்கும்போது இராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையொப்பமிடச் சொன்னால், இட்டுவிடாதீர்கள். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாத நீக்கத்துக்குப் பொதுவாக உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தாமாக விலகியதாகக் கையொப்பமிட்டவர் நட்டஈட்டுக்கான வாதத்தையே இழந்துவிடுகிறார். நீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாய சபைக்குச் செல்வதானால், வேலை போன நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் செல்ல வேண்டும்.

வீட்டு வேலைக்காகவே வங்கிக்கடன் எடுத்தவர்கள், அதன் பிணை என்ன என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். சேமலாப நிதி மீதியைப் பிணையாகக் காட்டி எடுத்த கடனில் தவணை தவறினால், நிலுவை அந்த நிதியிலிருந்தே கழிக்கப்படும். வீட்டை யாரும் ஏலம் விடாததால் ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றும். முதுமைக்கான பணம் சத்தமின்றிக் கரைந்துகொண்டிருக்கும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கி முகாமையாளரிடம் சென்று, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்தருமாறு எழுத்தில் கேட்பது நல்லது. இன்னும் வழங்கப்படாத கடன் பகுதி இருந்தால், அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கையிலுள்ள பணத்தில் ஆறு மாதத்துக்கான வீட்டுச் செலவை, சீட்டுக்காசு, அடகு வட்டி, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் உட்பட ஒதுக்கிவிட்டு, எஞ்சுவதைக் கொண்டே வேலைகளைத் தெரிவு செய்ய வேண்டும். கூரை, மழைநீர் வடிகால், திறந்து கிடக்கும் மின்கம்பிகள், பாவிக்க முடியாத நிலையிலுள்ள மலசலகூடம் ஆகியவை முதலில் வரும். தரைக்கு மாபிள் பதிப்பது, மதில், சமையலறை அலுமாரி, வெளிப்பூச்சுக்கு மேலான வர்ணம் எல்லாம் நிற்கலாம்.

நிறுத்துவதற்கும் செலவு உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. கடற்காற்றின் உப்பு, கொங்கிரீற்றுக்கு வெளியே நிற்கும் கம்பியை விரைவாக அரித்துவிடும். ஆகவே தூணின் தலையில் நிற்கும் கம்பிகளுக்கு நன்றாகச் சீமெந்துக் குழம்பு பூச வேண்டும், நீண்டகாலம் நிற்குமானால் வலுக்குறைந்த கொங்கிரீற்றால் மூடிவிடுவது இன்னும் நல்லது. பொலித்தீனால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். கூரையற்ற சுவரின் மேல்விளிம்பில் சரிவாகச் சாந்து பூசுங்கள். புதிதாகப் போட்ட கொங்கிரீற்றுக்குக் குறைந்தது ஏழு நாட்கள் நீரூற்றாமல், ஆட்களை அனுப்பிவிட்டோம் என்று கைவிடக்கூடாது. அது வீட்டாரே செய்யக்கூடிய வேலை. பிரிக்காத சீமெந்துப் பைகளைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள், இல்லையேல் வீடு கட்டும் அயலவருக்கு விற்றுவிடுங்கள். எங்கள் ஈரக்காற்றில் சீமெந்து மூன்று மாதங்களிலேயே பலம் குன்றத் தொடங்கும். மாபிளும் நீர்க்குழாய்களும் கெடாது, அவை இருக்கட்டும்.

மேசனிடம் உண்மையை நேரில் சொல்லுங்கள். நாட்கூலிக்காரரானால் செய்த நாட்களுக்கான கூலியை அன்றே கொடுத்து முடிக்க வேண்டும், ஏனெனில் அவருடைய அடுப்பும் அந்தக் கூலியில்தான் எரிகிறது. கொந்தராத்தானால், முடிந்த வேலையை இருவரும் சேர்ந்து அளந்து, கொடுத்த முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எங்கள் மேசன் அண்ணன் என்னைவிட நிதானமாக இருந்தார். “கூரையை மட்டும் மூடிவிடுவோம் தம்பி, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்” என்று அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை.

பொருட்களின் விலை ஏறும், ஆகவே இப்போதே முடித்துவிட வேண்டும் என்று உறவினர் சொல்வார்கள். அது பொய்யான வாதமல்ல. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போயின, நான் நிறுத்திய மேல்மாடியும் எட்டாத தூரத்துக்குப் போயிற்று. ஆனால் அதே மாதங்களில் அரிசியும் மாவும் எரிவாயுவும் ஏறின. மேல்மாடியில் போடாத பணம் அப்போது பெறுமதி குறைந்து போயிருந்தாலும், அடுப்பை எரிய வைக்கக் கையில் இருந்தது. கொங்கிரீற்றாக மாறியிருந்தால் அதை யாராலும் திருப்பி எடுத்திருக்க முடியாது. மனைவியின் நகையை அடகுவைத்து மாடியை முடிக்கும் யோசனைக்கும் இதுவே என் பதில்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் வீடுள்ளவர்கள், ஓர் அறையை முடித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணுவது இயல்பானது. அறை ஏறத்தாழ முடிந்த நிலையில் இருந்து, கதவும் குளியலறையும் மட்டுமே மிச்சமானால் செய்யலாம். கணக்கிடும்போது சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு மட்டுமே வருமானத்தை எழுதி, வாடைக்கால மாதங்களுக்குப் பூச்சியம் போடுங்கள். அப்படியும் ஒரே பருவத்தில் செலவு மீளாவிட்டால் அறை காத்திருக்கட்டும்.

புதிய வேலை கிடைத்த மாதமே மேசனை அழைக்க வேண்டாம். தகுதிகாண் காலம் முடிந்து, ஆறு மாதச் செலவுக்கான இருப்பும் மீண்டும் நிரம்பிய பிறகு, அடுத்து வரும் வைகாசியில் தொடங்கலாம். எங்கள் மேல்மாடித் தூண்களில் 2023 ஆனியில்தான் மீண்டும் கைவைத்தோம். மேசன் அண்ணன் ஒவ்வொரு கம்பியையும் இரும்புத் தூரிகையால் தேய்த்துப் பார்த்தார். நான்கு தூண்களில் இரண்டின் தலையை உடைத்துப் புதுக்கம்பி சேர்க்க வேண்டியிருந்தது.