கைக்குழந்தையோடு தீம் பார்க்: எப்போது வேண்டாம், எப்போது போகலாம், எப்படிப் போகலாம்

மூத்த பிள்ளைக்கு லீவு விட்டாச்சு. ஊரிலிருந்து சித்தி குடும்பம் வந்திருக்கிறது. ஈ.சி.ஆர். பக்கம் வி.ஜி.பி.க்கோ எம்.ஜி.எம்.முக்கோ, கோவைப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கோ ஒரு நாள் போகலாம் என்று பேச்சு கிளம்புகிறது. வீட்டில் ஐந்து வாரக் குழந்தை இருக்கிறது. "இத்தனை பேர் இருக்கோம், ஆளுக்குக் கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டா போச்சு" என்கிறார்கள். பிரச்சினையே அந்த இத்தனை பேர்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்று மாதம் நிறையும் வரை கூட்டமான பார்க் வேண்டாம். அதன் பிறகும், 105-ஆம் நாள் ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தபின், கூட்டமில்லாத நாளில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் போய்வரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

ஏன் மூன்று மாதம்?

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடுவது பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மட்டும்தான். கக்குவான் இருமலுக்கான பாதுகாப்பு பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. அது 45, 75, 105-ஆம் நாள்களில் மூன்று தவணையாக வருகிறது. முதல் தவணை போட்டதுமே பாதுகாப்பு வந்துவிடாது, ஒவ்வொரு தவணைக்கும் படிப்படியாகத்தான் ஏறும். பெரியவர்களுக்கு விடாத இருமலாக மட்டும் தெரியும் கக்குவான், பச்சைக்குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சு நின்று நின்று வருவதாக வெளிப்படலாம். அதனால்தான் வீட்டார் கவனிக்கத் தவறுகிறார்கள்.

தட்டம்மை ஊசி இன்னும் தள்ளி, 9 மாதம் முடிந்துதான். தட்டம்மைக் கிருமி, நோயாளி அந்த இடத்தை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கும். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மை, அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி கொஞ்ச காலம் காக்கும். ஆனால் எந்தக் குழந்தைக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொரு காரணத்தைப் பெற்றோர் பலர் யோசிப்பதில்லை. பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து ஒரு நாள் பார்ப்போம். இரண்டு மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே நேராக மருத்துவமனைதான். சாதாரணச் சளிக் காய்ச்சலா, ரத்தத்தில் கிருமி கலந்த காய்ச்சலா என்று அந்த வயதில் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தம், சிறுநீர் எடுப்பார்கள். தேவைப்பட்டால் முதுகுத்தண்டிலிருந்து நீரும் எடுப்பார்கள். முடிவு வரும்வரை படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். வேவ் பூலில் யாரோ தும்மியதால் வந்த வெறும் சளியாக இருந்தாலும் குழந்தை இவ்வளவையும் கடக்க வேண்டும்.

பார்க்கில் என்ன நடக்கும்

முதலில் வெயில். பச்சைக்குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்த்துச் சூட்டை வெளியேற்றும் திறன் குறைவு. ஆகவே சீக்கிரம் சூடேறும். வெயில் படாமலிருக்க ஸ்ட்ரோலர் மேல் துண்டைப் போர்த்துவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. காற்று அடைபட்டு உள்ளே வெக்கை ஏறும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்வதில்லை. நிழலும் தொளதொளவென்ற பருத்தி உடுப்பும்தான் வழி. தாகம் என்று ஒரு சங்கு தண்ணீரோ குளுக்கோஸோ புகட்டவும் கூடாது. ஆறு மாதம் வரை பால் மட்டும்தான், வெயில் நாளில் அதை அடிக்கடி கொடுக்க வேண்டும்.

அடுத்தது சத்தம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபல். ரெயின் டான்ஸ் ஸ்பீக்கர் பக்கம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குழந்தையின் காதுத் துளை சிறியது என்பதால் அதே சத்தம் உள்ளே இன்னும் அழுத்தமாகப் போகும். காதில் பஞ்சு வைப்பதால் பயனில்லை, உள்ளே சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்கென்று வரும் காது மூடி ஓரளவு உதவும் என்றாலும், மணிக்கணக்கில் மாட்டித் தூங்க வைக்கும் பொருள் அல்ல அது. ஸ்பீக்கரிலிருந்து விலகிப் போவதுதான் நல்ல மருந்து.

ரைடு பற்றி ஒரே வரி: கழுத்து நிற்காத குழந்தையை டாய் டிரெயினில்கூட மடியில் வைத்து ஏறாதீர்கள். குளத்துக்கும் அதே விதி.

பிறகு தாய். இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் பச்சை உடம்பு. சிசேரியன் தையலோ கீழ்த் தையலோ ஆறிக்கொண்டிருக்கும், உதிரப்போக்கும் நின்றிருக்காது. இந்த நிலையில் ஈரத் தரையில் குழந்தையோடு நடப்பது, சுத்தமில்லாத கழிப்பறை, சிமெண்டு பெஞ்சில் இரண்டு மணிக்கொரு முறை பாலூட்டுவது. "நீ சும்மா உட்கார்ந்திரு, நாங்க விளையாடிட்டு வர்றோம்" என்பது அவளுக்கு ஓய்வாகாது. பல பார்க்குகளில், ஒரு ரைடும் ஏறாதவருக்கும் முழு நுழைவுக் கட்டணம் உண்டு.

அப்படியானால் மூத்த பிள்ளை?

தம்பி பாப்பாவோ தங்கச்சி பாப்பாவோ வந்த பிறகு எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' கேட்டுச் சோர்ந்திருக்கும் பிள்ளை அது. அந்த நாளைப் பறிக்கத் தேவையில்லை, குடும்பத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். அப்பாவும் சித்தியும் பிள்ளைகளோடு பார்க்குக்கு. அம்மாவும் குழந்தையும், துணைக்குப் பாட்டியோ அத்தையோ, வீட்டில். துணை அவசியம். குளிக்கவும் ஒரு வாய் சாப்பிடவும் தாய்க்கு ஆள் வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து ஊருக்குப் போனால்தான் திருப்தி என்றால், ஈ.சி.ஆரில் ஓர் அறை எடுத்துத் தாயும் சேயும் அங்கே இருக்க, மற்றவர்கள் பார்க்குக்குப் போய் மாலையில் திரும்பலாம். பயணத்தில் குழந்தையைப் பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் கார் சீட்டில் கட்டுங்கள். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சு அடைபடும் என்பதால் நீண்ட நேரம் அதிலேயே விடாமல் இடையிடையே நிறுத்தி எடுத்துப் படுக்க வையுங்கள். நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும்.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? "டாக்டர் 105 நாள் ஊசி முடியுற வரைக்கும் கூட்டத்துக்கு வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்ற ஒரு வாக்கியம் போதும், பொய்யும் இல்லை. அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்டுவிட்டே சொல்லுங்கள். பல வீடுகளில் பாட்டிமார்களே மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

105 நாள் ஊசிக்குப் பிறகு போகிறீர்கள் என்றால்

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. காணும் பொங்கல், தீபாவளி வாரம், பள்ளி லீவு ஞாயிறு எல்லாம் தள்ளுபடி. மே மாதக் கத்திரி வெயிலும் தள்ளுபடி. டிசம்பர், ஜனவரியில் பள்ளி நடக்கும் ஒரு செவ்வாய் அல்லது புதன் நல்லது. கேட் திறக்கும் நேரத்துக்கே போய், வெயில் உச்சிக்கு ஏறுமுன் 12 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

முந்தின நாளே பார்க்குக்குப் போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். பாலூட்டும் அறை இருக்கிறதா, அதில் கதவும் மின்விசிறியும் உண்டா? வெளிச் சாப்பாட்டுக்குத் தடை என்றால் குழந்தைக்கான ஃப்ளாஸ்க்கையும் பாலையும் விடுவார்களா? முதலுதவி அறை எங்கே? வெளியே போய்த் திரும்ப வர முத்திரை குத்துவார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். குழந்தை அழுது தீர்த்தால் ஒருவர் காருக்கோ அறைக்கோ தூக்கிப் போய்வர முடிய வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை:

டயப்பர் ஆறு. மாற்றுடுப்பு மூன்று, தாய்க்கும் ஒரு மாற்றுச் சட்டை, ஏனென்றால் குழந்தை கக்கினால் இருவருக்கும் சேர்த்துத்தான். விரிக்க ரப்பர் ஷீட், மேலே போட மெல்லிய துணி. சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும். சானிடைசர் கைக்கு மட்டும், அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர். தடுப்பூசி அட்டையின் போட்டோ போனில்.

தாய்ப்பால் கொடுப்பவருக்குச் சுமை குறைவு. பீய்ச்சி எடுத்துப் போவதானால் 25 டிகிரி செல்சியஸ் வரை நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, ஐஸ் பேக் போட்ட வெப்பக்காப்புப் பையில்தான் வைக்க வேண்டும். பவுடர் பால் என்றால் வீட்டிலேயே கலந்து எடுத்துப் போகாதீர்கள். கொதித்த நீரை ஃப்ளாஸ்க்கிலும், அளந்த பவுடரை ஈரமில்லாத டப்பாவிலும் தனித்தனியே கொண்டுபோய், கொடுக்கும் நேரத்தில் கலந்து, ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். வாய் வைத்த புட்டியில் மீதியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். பார்க் பெற்றோர் சறுக்குவது இங்கேதான். பாதி குடித்த புட்டியைப் பையில் போட்டுவிட்டு மதியம் மறுபடி வாயில் வைக்கிறார்கள்.

கேரியரில் தூக்கினால் குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். உடம்போடு உடம்பு ஒட்டும்போது இருவருக்கும் சூடேறும் என்பதால் அரை மணிக்கொரு முறை பிடரியில் கை வையுங்கள். கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், குழந்தைக்கு அது இயல்பு. பிடரி வியர்த்தோ சுட்டோ இருந்தால் இறக்கி, ஓர் அடுக்குத் துணியைக் கழற்றி, நிழலில் பால் கொடுங்கள்.

தெரியாதவர் கன்னத்தைக் கிள்ள வருவார்கள், முத்தமிடுவார்கள். உதட்டில் கொப்புளம் உள்ளவரின் முத்தம், குறிப்பாக முதல் சில வாரங்களில், உயிருக்கே ஆபத்தான ஹெர்பீஸ் தொற்றைக் கொடுக்கக்கூடும். "சளி இருக்கு, கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் நெருங்க மாட்டார்கள், மனமும் புண்படாது.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

பால் குடிக்க மறுத்தால் அல்லது எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால். உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு (வெட்டு) வந்தால், மூச்சுக்கு மூச்சு முனகினால். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மூச்சு வேகத்தை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். அழாத நேரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் தப்பாகும், ஏனென்றால் சிறு குழந்தைகள் சில நொடி நிறுத்தி, பிறகு சேர்த்து மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம் தொட்டால் வேகமான மூச்சு. மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ மருத்துவமனை.

வீட்டில் இருந்த குழந்தைக்கும் பார்க் வரும்

குழந்தையை வீட்டில் விட்டுப் போனாலும், மூத்த பிள்ளை திரும்பி வரும்போது கூடவே எதையாவது கொண்டுவரும். குளத்திலிருந்து 'மெட்ராஸ் ஐ' வருவதும் சகஜம். வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் பாப்பாவைத் தொட வேண்டும். இது அப்பாவுக்கும் சித்திக்கும் பொருந்தும். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் நான்கு நாளுக்குள் தலைகாட்டிவிடும். அந்த நாள்களில் பெரிய பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலோ கண் சிவந்தாலோ தனியே படுக்க வையுங்கள். பாப்பாவின் காலைத் தொட்டுக் கொஞ்சலாம், முகமும் கையும் வேண்டாம் என்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும். தாய்க்கே சளி வந்தால் பாலை நிறுத்தாதீர்கள். முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிக் கொடுங்கள். மூத்த பிள்ளைக்குக் கக்குவானையும் தடுக்கும் 5 வயது டி.பி.டி. ஊக்க ஊசி விட்டுப்போயிருந்தால் பார்க் டிக்கெட் எடுக்குமுன் அதைப் போட்டுவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.