புல்தரைக்குப் பதிலா படர்ற கோகோப்ளம்: தெற்கு ஃப்ளோரிடாவுல வளர்க்கிறது எப்படி

மியாமி மாதிரி கடலோர ஊர்ல மணல் தரையில புல்லு கருகிக்கிட்டே இருந்தா அதோட மல்லுக்கட்டாம கோகோப்ளம் வைங்க, அந்த மண்ணுக்கே சொந்தமான செடி, வருஷம் பூரா பச்சையா இருக்கும், வெயில், உப்புக்காத்து, சத்தில்லாத மணல் எல்லாத்தையும் தாங்கும். உறைபனி மட்டும் ஆகாது, அதனால வடக்கு ஃப்ளோரிடாக்காரங்க வேற செடி பாருங்க.

வாங்குறப்பதான் ரொம்ப கவனமா இருக்கணும். இதுல ரெட் டிப், கிரீன் டிப், ஹாரிஸான்டல்னு மூணு வகை இருக்கு, முதல் ரெண்டும் நிமிர்ந்து வளர்றது, வெட்டாம விட்டா ஆள் உயரத்தைத் தாண்டிப் போயிடும், வேலிக்குத்தான் சரி. தரையோட படர்றது ஹாரிஸான்டல் மட்டும்தான், 2-3 அடிக்குள்ள நிக்கும், உப்பை நல்லா தாங்குறதும் இதுதான். நர்சரில வெறுமனே கோகோப்ளம்னு கேட்காம ஹாரிஸான்டல்னு சொல்லியே கேளுங்க, கட்டிங்ல (தண்டை வெட்டி நட்டு) வந்த செடியான்னும் கேட்டுக்கோங்க, ஏன்னா விதைல வந்தது தாய்ச்செடி மாதிரியே படரும்னு நம்ப முடியாது.

மே கடைசி, ஜூன்ல மழை ஆரம்பிக்கும்போது நட்டா பாதி தண்ணி வேலை மிச்சம். இருக்கிற புல்லை வேரோட எடுத்துட்டு 3 அடிக்கு ஒண்ணா வைங்க, நடைபாதை ஓரம்னா இன்னும் கொஞ்சம் தள்ளியே வைங்க, இல்லன்னா பாதைக்கு மேல வந்துடும். குழி வேர்க்கட்டி மாதிரி ரெண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் மட்டும் அதிகமாக வேண்டாம். முதல் ரெண்டு வாரம் மழை இல்லாத நாள் எல்லாம் தண்ணி விடுங்க, அப்புறம் மெதுவா குறைச்சுக்கலாம். வேர் பிடிச்சிட்டா மழையே போதும், நீண்ட வறட்சி வந்தா மட்டும் கை குடுங்க.

வளர்ச்சி கொஞ்சம் நிதானம்தான், செடி ஒண்ணோட ஒண்ணு சேர்ற வரைக்கும் நடுவுல களை வந்துட்டேதான் இருக்கும், 2-3 இஞ்ச் மல்ச், அதாவது மண்ணை மூடுற மரச்சில்லு, சருகு மாதிரி போட்டு (தண்டை ஒட்டி போடாதீங்க) கையால பிடுங்கிட்டே இருக்கணும், வேற குறுக்கு வழி இல்ல.

மெஷின் வச்சு மழிக்கிறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க. தடிச்ச இலை பாதியா அறுபட்டு ஓரமெல்லாம் பழுப்பாகும், பூவும் போயிடும், பழமும் வராது. மேல நீட்டிக்கிட்டு வர்ற கிளையை மட்டும் கத்தரியால உள்ள விட்டு வெட்டுங்க. பழம் வெள்ளையா, லேசா ரோஸ் கலந்து இருக்கும், சாப்பிடலாம், கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பையும் வறுத்துத் திங்கலாம்.