பந்து போனால் இரண்டு கணக்கு: மொபைல் கோல்ஃபில் நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கோல்ஃப் மைதானத்தில் கால் வைத்ததே கிடையாது. மொபைலில் மட்டும் மூன்று வருடமாக ஆடி வருகிறேன். எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர்: இங்கே ஐந்து, கடலூரில் மூன்று. சனிக்கிழமை ராத்திரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை சண்டை. சண்டையில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான் வரும்: பந்து தண்ணீரில் விழுந்தால் என்னென்ன போகும்?

"ஒரு பந்து போவும், அவ்ளோதானே?" என்பான் ஒருவன். "பந்தாவது கிந்தாவது, ஒரு அடி தண்டம்டா" என்பான் இன்னொருவன். ரெண்டு பேருமே பாதிதான் சொல்கிறார்கள். மொபைல் கோல்ஃபில் பந்து தொலைந்தால் இரண்டு கணக்கில் கழியும். ஒன்று ஸ்கோர் கார்டு: பந்தை எத்தனை தடவை அடித்தோம் என்ற கணக்கு, குறைவாக இருப்பவருக்கே ஜெயம். அது கோல்ஃபின் விதிப்படி நடக்கும். அந்த விதியை எழுதுவது ஸ்காட்லாந்தில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.வும் சேர்ந்து. இன்னொன்று பந்துப் பை: ஆட்டத்துக்குள் நம்மிடம் இருக்கும் பந்துகளின் இருப்பு. அது ஆட்டத்தை நடத்தும் கம்பெனி வைத்த விதிப்படி நடக்கும். பேரேட்டில் சரக்குக்கு ஒரு பக்கம், ரொக்கத்துக்கு ஒரு பக்கம் இருப்பதில்லையா, அதே மாதிரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதிலிருந்துதான் எல்லாத் தவறும் கிளம்புகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் தெருக் கிரிக்கெட் என்று எனக்கு ஒரு சந்தேகம். முத்தியால்பேட்டைச் சந்தில் ரப்பர் பந்து மாடி வீட்டுக்குள் போனால் அடித்தவன் அவுட், பந்தை வாங்கித் தர வேண்டியதும் அவனே. பெரிய வாய்க்கால் ஓரம் ஆடினால் கேட்கவே வேண்டாம். ஆட்டமும் காசும் ஒரே அடியில் முடிந்துவிடும். கோல்ஃபில் அப்படி முடியாது. பந்து போன பிறகும் ஆட்டம் நடக்கும், அடுத்த அடி எத்தனையாவது என்பதில்தான் சிக்கலே.

முதலில் அந்த எண்ணிக்கை. டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) அடித்த பந்து எல்லைக்கு வெளியே, அதாவது வெள்ளைக் குச்சிக்கு அந்தப் பக்கம், போய்விட்டது. திரும்ப டீயிலிருந்தே அடிக்கிறீர்கள். இது எத்தனையாவது அடி? எங்கள் ஆட்கள் பாதிப்பேர் "ரெண்டாவது" என்பார்கள். மூன்றாவது. அடித்த அடி ஒன்று, தண்டம் ஒன்று, இப்போது அடிப்பது மூன்று. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகிறோம், கூடவே ஒரு அடியும் ஏறுகிறது. தூரமும் போச்சு, அடியும் போச்சு.

நம்பாதவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர் பாப் ட்வே. ஃபுளோரிடாவில் டி.பி.சி. சாகிராஸ் மைதானத்தின் 17ஆவது குழி, டீயிலிருந்து 137 கெஜம்தான், ஆனால் கிரீனைச் சுற்றி, அதாவது குழி இருக்கும் வெட்டிய புல்தரையைச் சுற்றி, தண்ணீர். 2005 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் அவர் அங்கே நாலு பந்தைத் தண்ணீரில் விட்டு 12 அடியில் முடித்தார். போட்டுப் பாருங்கள்: தண்ணீரில் விழுந்தவை 1, 3, 5, 7ஆவது அடிகள்; இடையில் 2, 4, 6, 8 தண்டம்; ஒன்பதாவது கிரீனில் நின்றது; உள்ளே தள்ள இன்னும் மூன்று. 12. பந்துக் கணக்கில் நஷ்டம் நாலே நாலு, ஸ்கோர் கணக்கில் எட்டு. அந்த எட்டுதான் வலிக்கும். நம் ஆட்கள் நாலுக்காக அழுவார்கள்.

அடுத்த தவறு, தண்ணீரையும் எல்லைக்கு வெளியையும் ஒன்றாக நினைப்பது. தண்ணீருக்குச் சலுகை அதிகம். மஞ்சள் குச்சி நட்டிருந்தால் இரண்டு வழி. பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்கலாம். அல்லது பந்து தண்ணீர் எல்லையைத் தாண்டிய புள்ளியையும் குழியில் நட்ட கொடியையும் ஒரு கோட்டில் வைத்து, அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் வந்து போட்டுக்கொள்ளலாம். சிவப்புக் குச்சி என்றால் மூன்றாவது வழியும் உண்டு: தாண்டிய புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குப் பக்கமாகப் போகாமல் போட்டுக்கொள்வது. எந்த வழியானாலும் தண்டம் ஒன்றுதான்.

மொபைலில் இதெல்லாம் ஒன்றிரண்டு பட்டனாகச் சுருங்கிவிடும். 'டிராப்' (தண்ணீர் ஓரம் பந்தைப் போட்டு ஆடுவது), 'மறுபடி அடி' (பழைய இடத்திலிருந்து) என்று இரண்டு வந்தால் நம் விரல் யோசிக்காமல் டிராப்புக்குத்தான் போகும், முன்னேறிய மாதிரி இருக்கிறதே. தண்டம் ஒன்றே என்கிறபோது பார்க்க வேண்டியது இடத்தை மட்டும்தான். டிராப் விழும் இடம் உயரப் புல்லா, சரிவா, முன்னால் மரமா? அப்படியென்றால் கொஞ்சம் பின்னால் போய் நல்ல தரையிலிருந்து அடிப்பதே மேல். கடலூர் நண்பன் ஒருவன் பந்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து டிராப்பையே அழுத்திக்கொண்டிருந்தான். பந்து முழுகிய நொடியே பையில் கழிந்துவிட்டது மச்சான், எந்தப் பட்டன் அழுத்தினாலும் அது திரும்ப வராது என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது.

எல்லைக்கு வெளியே போன பந்துக்குச் சில ஆட்டங்கள் பக்கத்திலேயே ஒரு இடம் கொடுக்கும். உடனே சந்தோஷப்படாமல் ஸ்கோரைப் பாருங்கள், இரண்டு ஏறியிருக்கலாம். நிஜ கோல்ஃபிலும் அப்படி உண்டு: 2019இலிருந்து, மைதானக் கமிட்டி விரும்பினால், திரும்பி நடக்காமல் பந்து போன இடத்துக்குப் பக்கமாகவே போட்டு ஆடலாம், இரண்டு அடி தண்டம். டீயிலிருந்து அடித்த பந்தென்றால் அடுத்தது நாலாவது.

நிஜ விதியைப் படித்துவிட்டு வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று தனி. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் விதிப் புத்தகத்தைத் தரவிறக்கிப் படித்துவிட்டு, "தேட மூணு நிமிஷம் குடுக்கணும், அதுக்குள்ள மாத்துப் பந்து அடிச்சு வெச்சுக்கலாம்" என்று வாதாடினார். விதி சரிதான். 2019க்கு முன் ஐந்து நிமிடம், இப்போது மூன்று. தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மாற்றுப் பந்தை அடித்து வைக்கலாம், முதல் பந்து எல்லைக்குள் கிடைத்தால் மாற்றுப் பந்தை விட்டுவிட வேண்டும். ஆனால் இதெல்லாம் திரும்பி நடக்கிற நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு. புதரில் நிஜமாகவே பந்து காணாமல் போகிற உலகத்துக்கு உரியது. மொபைலில் எந்தப் பந்தும் காணாமல் போவதில்லை, அது எங்கே நின்றது என்று சர்வருக்கு அங்குலச் சுத்தமாகத் தெரியும். 'தொலைந்தது' என்று திரையில் வருவது ஒரு கணக்கு வார்த்தை, அவ்வளவுதான். அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி பை. இங்கே கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், ஆட்டத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுவது நல்லது. சில ஆட்டங்களில் தண்ணீரிலோ வெளியிலோ போனால்தான் பந்து கழியும். சிலவற்றில் அடிக்க அடிக்கத் தேய்ந்தும் தீரும். சிலவற்றில் குழிக்கு ஒன்று என்று கழித்துவிடுவார்கள், நீங்கள் நேராக அடித்தாலும் சரி. பெரும்பாலும் எண்ணிக்கை இல்லாத இலவசப் பந்து ஒன்று இருக்கும். காசோ காயினோ கொடுத்து வாங்கும் பந்துக்குத்தான் எண்ணிக்கை.

தண்ணீர் உள்ள குழி வந்தால் விலைப் பந்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு இலவசப் பந்தால் அடி என்பது எல்லோரும் சொல்லும் ஆலோசனை. எனக்கு உடன்பாடில்லை. விலைப் பந்தில் நாம் வாங்குவதே காற்றுக்கு அசையாத தன்மையும் கூடுதல் தூரமும்தான். பக்கக் காற்று பலமாக இருக்கும்போது தண்ணீரைத் தாண்டத்தான் அது தேவை. அங்கே அதை ஒளித்து வைப்பது, ஆணியை மிச்சம் பிடித்துப் பலகையைக் கெடுக்கிற வேலை. காற்றில்லாத அகலமான குழியில் இலவசப் பந்தை அடியுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

விலைப் பந்து ஒன்று போன பிறகுதான் உண்மையில் கவனம் வேண்டும். பல ஆட்டங்களில் அதே வகைப் பந்தே தானாக வந்து நிற்கும். கோபத்தில் மறுபடி ஓங்கி அடிப்போம், அதுவும் போகும். ஒரே குழியில் மூன்று போனபின் பையைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் எங்களிலேயே நாலு பேர். அடிக்கும் முன் கீழே ஓரத்தில் என்ன பந்து நிற்கிறது என்று பாருங்கள். மாற்றலாமா என்று சந்தேகம் வேண்டாம்: ஒரு குழியை ஆரம்பித்த பந்தாலேயே முடிக்க வேண்டும் என்பது பொது விதி என்றாலும், தண்டத்தோடு புதிய இடத்தில் போடும்போது வேறு பந்து எடுக்கலாம். தொழில்முறைப் போட்டிகளில் மட்டும் சுற்று முழுக்க ஒரே பிராண்டு, ஒரே மாடல் என்று தனி விதி வைப்பார்கள். உங்கள் ஆட்டத்தில் டோர்னமெண்ட்டுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை காலியானால் இலவசப் பந்து தானாக வரும். அது பறக்கும் தூரமே வேறு. கைக்குப் பழகிய அதே பலத்தில் அடித்தால் கிரீனுக்கு முன்னாலுள்ள மணலிலோ தண்ணீரிலோதான் போய் விழும். பந்து மாறினால் மட்டையையும் ஒரு நம்பர் மாற்றிப் பழகுங்கள்.

நெட்டைப் பிடுங்குகிற வேலைக்கு வருகிறேன். பந்து தண்ணீரை நோக்கிப் பறக்கிறபோதே ஏரோபிளேன் மோடைப் போட்டால் பந்து தப்பும் என்று ஒரு வதந்தி எல்லாக் கூட்டத்திலும் உலவுகிறது. ஆன்லைன் ஆட்டத்தில் பேரேடு உங்கள் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது. அடி அங்கே பதிவாகிவிட்டால் பந்தும் போகும். நீங்கள் திரும்பி வராததால் எதிராளிக்கு ஜெயமும் போகும். அடிக்கடி செய்தால் உங்கள் அக்கவுண்டையே முடக்கவும் வாய்ப்புண்டு. நிஜமாகவே சிக்னல் போய்ப் பந்து அநியாயமாகக் கழிந்தால், பையின் எண்ணிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தையும் எழுதி, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிக்கு ஒரே ஒரு முறை அனுப்புங்கள். ஆட்டத்துக்கு முன் எடுத்த படமும் கையில் இருந்தால் பேச்சு சுலபம். ராத்திரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காந்தி சிலைப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்து ஆடலாம். சிக்னல் ஆடினால் மட்டும் அன்றைக்கு விலைப் பந்தைத் தொடமாட்டேன்.

காசு விஷயம் சுருக்கமாக. ஆண்ட்ராய்டு போனில் பிள்ளைகள் கையில் ஆட்டம் இருந்தால், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் வைத்துவிடுங்கள். தவறி வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். "ஆயிரம் பந்து இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் ஓடிபி கேட்டால் அது பந்துக்காக இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். குழிக்கு நூறு ரூபாய் என்று பந்தயம் கட்டி ஆட வைக்கும் ஆப்களின் பக்கமே போக வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஒரு ஆட்டத்துக்கு டீ, சுண்டல் என்று நேரில் வாங்கிக் கொடுத்துக்கொள்வதோடு எங்கள் கூட்டம் நின்றுவிட்டது.

என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது, கடைக் கணக்கு நோட்டில் மிஞ்சியது. இடது பக்கம் அடி, வலது பக்கம் பந்து. போன சனிக்கிழமை பதினேழாவது குழியில் இடது பக்கம் ஏழு, வலது பக்கம் இரண்டு கழிவு. கடலூர்க்காரன் போனில் "அடுத்தது இன்னா பந்துடா?" என்றான். பையைத் திறந்து பார்த்தேன், ஒன்று மிச்சம் இருந்தது. காற்று நின்றிருந்தது. இலவசப் பந்தை எடுத்தேன்.