சிறுநீரக மாற்றுக்குப் பின் தசை வலுவை மீட்பது எப்படி?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவு) இறங்கி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வந்த நாள்கள் பின்னே போன பிறகும், பலருக்கு உடம்பில் தெம்பு திரும்புவதில்லை. கோவிலில் தரையில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. எல்ஆர்டி ரயில் நிலையத்தின் படிகளில் பாதி ஏறுவதற்குள் தொடை தளர்ந்துவிடுகிறது. கொடியில் துணி காயப்போடக் கையை உயர்த்தினால் தோள் சோர்கிறது. வயதாகிவிட்டது என்றோ, மருந்தின் அசதி என்றோ சொல்லி வீட்டில் உள்ளவர்களும் இதைக் கடந்துபோகிறார்கள். பெரும்பாலும் இது தசை இழப்பு. இதை வீட்டிலேயே ஓரளவு அளந்து பார்க்கலாம். உணவாலும் பயிற்சியாலும் கணிசமாக மீட்கவும் முடியும். கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு வாழ்பவர்களையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து, என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எடையும் கிரியேட்டினினும் சொல்லாதவை

மாற்றுக்குப் பின் பசி திறக்கிறது, உணவுக் கட்டுப்பாடு தளர்கிறது, ஸ்டீராய்டு மருந்தும் பசியைக் கூட்டுகிறது. அதனால் எடை ஏறுகிறது. உறவினர்கள் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்கிறார்கள். ஆனால் அப்படி ஏறும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாக இருக்கும். அதே வேளையில் தொடையிலும் இடுப்பிலும் தசை குறைந்துகொண்டே போகலாம். கிரியேட்டினினும் இந்த விஷயத்தில் முழு உண்மையைச் சொல்லாது. அது தசையிலிருந்து உருவாகும் பொருள் என்பதால், தசை கரைந்தவரின் இரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே குறையும். அதைக் கொண்டு கணக்கிடும் சிறுநீரகச் செயல்திறன் உள்ளதைவிடச் சிறப்பாகத் தோன்றும். ஆகவே இவ்விரண்டு எண்களும் நன்றாக இருக்கின்றன என்பதற்காகத் தசையும் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது.

காரணங்கள் பல. சிறுநீரகம் செயலிழந்திருந்த ஆண்டுகளில் உடலில் தேங்கிய கழிவும் அமிலத்தன்மையும் ஓயாத அழற்சியும் தசையை ஏற்கெனவே அரித்திருக்கும். ஒவ்வொரு டயாலிசிஸ் அமர்விலும் சில கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறியிருக்கும். மாற்றுக்குப் பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, குறிப்பாகத் தொடக்க மாதங்களில் அதிக அளவில் கொடுக்கப்படும்போது, தொடை, இடுப்பு, தோள் ஆகிய இடங்களின் பெரிய தசைகளை நலிவடையச் செய்கிறது. எழுவதும் படியேறுவதும் முதலில் கடினமாவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதை அறிந்ததும் அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட எண்ணுபவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. திடீரென நிறுத்தினால் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கக்கூடும்; அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மாற்று சிகிச்சைக் குழு மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் அளந்து பார்ப்பது

கைப்பிடி இல்லாத, உறுதியான சாதாரண நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவர் அருகே நின்றபடி கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய நாடுகளுக்கென 2019இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, தசைத் திறன் குறைந்திருக்கக்கூடும். அதே அளவுகோல், இயல்பான நடையில் விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தையும் கவனிக்கச் சொல்கிறது: 6 மீட்டர் தூரத்தைக் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளவுநாடாவால் அளந்தால், ஆண்களுக்கு 34 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 33 செண்டிமீட்டரும் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு. காலில் நீர்வீக்கம் இருப்பவர்கள் இந்தக் கடைசி அளவை நம்ப வேண்டாம்; வீக்கம் தசைக் குறைவை மறைத்துவிடும்.

இந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி, அடுத்த கிளினிக் நாளன்று மருத்துவரிடம் காட்டுங்கள். "டாக்டர், களைப்பாக இருக்கிறது" என்பதைவிட, "மூன்று மாதத்துக்கு முன் 11 விநாடி, இப்போது 15 விநாடி" என்று சொல்வதற்குக் கூடுதல் கவனம் கிடைக்கும். நம்மவர்களில் பலர் பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணி வாயைத் திறப்பதில்லை. அந்தத் தயக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வலுக்குறைவு எல்லாமே பயிற்சியால் தீர்வதில்லை என்பதால், இரத்தப் பரிசோதனை குறித்தும் கேளுங்கள். மாற்றுக்குப் பிந்தைய மாதங்களில் பாஸ்பேட் மிகவும் இறங்கலாம். நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் மக்னீசியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைக் கூட்டலாம். இரத்தச்சோகை, வைட்டமின் டி பற்றாக்குறை, தைராய்டு குறைவு, புதிதாகத் தலைகாட்டும் நீரிழிவு ஆகியவையும் தளர்ச்சியைத் தரும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், கௌட் எனும் மூட்டுவலிக்குத் தரப்படும் கோல்சிசினும், நிராகரிப்பைத் தடுக்கும் மற்றொரு மருந்தான சைக்ளோஸ்போரினோடு சேரும்போது தசையைச் சேதப்படுத்தக்கூடும். தசைவலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். திடீரெனக் கைகால்கள் வலுவிழந்து நெஞ்சு படபடத்தாலும் அப்படியே.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில், காயம் ஆறுவதற்கும் ஸ்டீராய்டின் பாதிப்பை ஈடுசெய்வதற்கும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.3 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுவதுண்டு. நிலைமை சீரான பின் பொதுவாக 0.8 முதல் 1 கிராம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 முதல் 60 கிராம் வரை. உங்களுக்குரிய அளவை மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டுப் பெறுங்கள். டயாலிசிஸ் காலத்தில் இருந்த அச்சத்தால் பருப்பையும் பாலையும் இன்னும் ஒதுக்கிவைத்திருப்பவர்களும், மாறாக இனிக் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணுபவர்களும் இதனால் தெளிவு பெறுவார்கள்.

நம் வீடுகளில் காலை உணவில்தான் குறை அதிகம். தோசையும் சட்னியும், அல்லது ரொட்டி சானாயும் நீர்த்த பருப்புக் குழம்பும் வயிற்றை நிரப்பும், புரதம் சொற்பமே. காலையிலேயே நன்கு வெந்த இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் ஆயிற்று. ஒரு கோப்பை பால் 8 கிராம் தரும். மதியத்துக்கு உள்ளங்கை அளவு கோழி அல்லது சந்தையில் கெம்புங் என்று கேட்டு வாங்கும் கானாங்கெளுத்தி மீன் 20 கிராமுக்கு மேல் தரும். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் சைவம் உண்பவர்கள் தெம்பேயை மறக்க வேண்டாம். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் உள்ள, மலிவான, எங்கும் கிடைக்கும் உணவு அது. ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். மருந்து வேளை தவறுவதற்கும் தசை கரைவதற்கும் அது வழிவகுக்கும்.

சில எச்சரிக்கைகள் இந்த ஊருக்கே உரியவை. காப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பசும்பால் ஆகியவை நோய் எதிர்ப்பு குறைந்த உடலுக்கு ஆகாதவை. பொமேலோ பழம் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடக்கூடும். பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம், சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்களின் மூளையையும் நரம்பையும் நஞ்சாகத் தாக்கும். ஜாமு, தொங்காட் அலி போன்ற "சக்தி" மூலிகை மருந்துகள் வேண்டவே வேண்டாம். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் கிரியேட்டின் மாவு கிரியேட்டினின் அளவை உயர்த்திக் காட்டி, சிறுநீரகம் கெடுகிறதோ என்ற வீண் அச்சத்தைக் கிளப்பும்.

பயிற்சி

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு நடை மட்டும் போதும். 5 கிலோ அரிசிப் பை அளவுக்குக் கனமான எதையும் தூக்க வேண்டாம். பின்னர் அறுவை மருத்துவர் அனுமதித்ததும், நடையோடு நிறுத்திவிடாதீர்கள். நடை நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தொடையின் வலுவைத் திரும்பப் பெற, தசை எதிர்த்து உழைக்க வேண்டிய பயிற்சி தேவை. அதில் முதலிடம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதற்கே. தொடக்கத்தில் நாற்காலியில் தடித்த மெத்தை போட்டு, கையின் துணையோடு எழுங்கள், பிறகு கையை விடுங்கள், பிறகு மெத்தையை எடுங்கள், அதன்பின் 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்தபடி எழுங்கள். உட்காரும்போது மூன்று விநாடி எடுத்து மெல்ல இறங்குவது முக்கியம். இதனுடன், சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், அடுக்குமாடிப் படியின் முதல் படியில் ஏறி இறங்குதல், ரப்பர் பட்டையை நெஞ்சு நோக்கி இழுத்தல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும்; மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் முன்னேற்றம் நின்றுவிடும்.

ஸ்டீராய்டு எலும்பையும் மென்மையாக்குவதால், குனிந்து கனம் தூக்குவதைத் தவிருங்கள். புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்குச் சற்றே கீழே இருக்கிறது. சிலம்பம், கால்பந்து போன்ற மோதல் உள்ள ஆட்டங்கள் அதற்கு ஆபத்தானவை. இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்து, 5 mmol/L அளவுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டபின் தொடங்குங்கள். உடல்வலிக்கு மருந்தகத்தில் இபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

நடைக்குத் தீத்திவங்சா ஏரிக்கரை போன்ற இடங்கள் காலை ஏழரைக்குள் உகந்தவை. தோல் புற்றுநோய் அபாயம் கூடியவர்கள் நீங்கள் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவை. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். பத்துமலையின் 272 படிகளை இலக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், கூட்டமில்லாத வார நாளில், துணைக்கு ஒருவரோடு, 50 படிக்கு ஒருமுறை நின்று ஏறுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ எழுந்திருக்கும் முன்பே தண்ணீரையும் மாத்திரையையும் கையில் கொடுப்பது அன்புதான்; ஆனால் நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் தொடை மேலும் மெலியும். காயம் ஆறிய பின், தம் வேலையைத் தாமே எழுந்து செய்ய விடுங்கள்.

காய்ச்சலோ நோய்த்தொற்றோ வந்து மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், சில நாள்களிலேயே தசை குறையும். படுக்கையிலேயே காலை நீட்டி மடக்கவும், முடிந்தவுடன் நாற்காலியில் அமரவும் இயன்மருத்துவரின் உதவியைக் கேளுங்கள். வீடு திரும்பிக் காய்ச்சல் முழுதாக விட்ட பிறகு, முன்பு செய்ததில் பாதியிலிருந்து தொடங்கி, நாற்காலிச் சோதனையை மீண்டும் செய்து, புதிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.