சிறையில் இருந்தபடி இழப்பீடு கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை அரசு அமைத்த உயர்நிலை விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் விசாரித்தது. தனி அமர்வுகளில் அதனிடம் பேசியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அப்போது சிறையில் இருந்தவர். அவர்களும் இழப்பீட்டு வழக்குப் போடலாம். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது அங்கேதான். 'இத்தனை ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற காலவரம்பைத்தான் 2016-லேயே எடுத்துவிட்டார்களே' என்று நேரே வழக்குப் போடுவார்கள். அது வேறு, இது வேறு. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர், எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறாரோ அதனிடமே முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 'எனக்கு ரெண்டு வருஷம்தானே கொடுத்தார்கள்' என்பதும் எடுபடாது. அந்தக் குற்றத்துக்குச் சட்டம் 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வைத்திருக்கிறதா என்பதே கணக்கு. தண்டனை பெறாத விசாரணைக் கைதிக்கும் பரோலில் வெளியே வந்துவிட்டவருக்கும் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் அந்த அனுமதி கேட்டுத் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம். நீதிமன்றம் பார்ப்பது இரண்டு: வழக்கில் முதல்நோக்கிலேயே முகாந்திரம் இருக்கிறதா, நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்தும் முயற்சியா. இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்காக 'சின்ன வயதில் கொடுமைப்படுத்தினார்கள்' என்று இரண்டு வரியில் முடித்தால் முகாந்திரம் எங்கிருந்து வரும்? எந்த இல்லம், சுமாராக எந்த ஆண்டு, செய்தவருக்கு அங்கே என்ன பொறுப்பு, இல்லத்தை நடத்தியது யார், அப்போது யாரிடமாவது சொன்னீர்களா என்று எழுத வேண்டும். போடப்போகும் வழக்கின் வரைவையும் இணைப்பது நல்லது. சிலர் தாங்கள் செய்த குற்றத்துக்கு விளக்கம் எழுதியே பக்கங்களை நிரப்பிவிடுகிறார்கள். நன்னடத்தைச் சான்றிதழை அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் போகாமலே பணம் தரும் தேசிய நிவாரணத் திட்டத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் திருத்தவே முடியாத தவறு. 2018-ல் தொடங்கிய அத்திட்டத்தில் அதிகபட்சம் 1,50,000 டாலர் கிடைக்கும். அதை ஏற்றுக் கையெழுத்திட்டால் அந்த நிறுவனத்தின் மேல் இனி வழக்குப் போட முடியாது. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். நோமோர் என்ற சட்ட உதவி மையம் கட்டணம் வாங்குவதில்லை.

'விடுதலையானதும் பார்த்துக்கொள்ளலாம்' என்றும் இருக்க வேண்டாம். காலவரம்பு போனாலும், சாட்சிகள் இறந்துவிட்டார்கள், நியாயமான விசாரணை முடியாது என்று எதிர்த்தரப்பு வழக்கை நிரந்தரமாக நிறுத்தக் கேட்கலாம். லிஸ்மோர் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு எதிரான வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார் இறந்திருந்தும், அப்படி நிறுத்தியது தவறு என்று 2023 நவம்பரில் நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக எல்லா வழக்கும் தப்பிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.