வார்டு படங்களில் விழுந்த கறுப்புப் பட்டை: என் அனுபவம்

எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் ஏழை நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு நான் காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுக்கிறேன். குழந்தைகள் வார்டில் தூங்குகிற பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று மிரர்லெஸ் கேமராவை எப்போதும் சைலண்ட் ஷட்டரில்தான் (சத்தமே வராமல் படம் எடுக்கும் முறை) வைப்பேன். அங்கே புது எல்இடி டியூப் மாட்டினார்கள், அதிலிருந்து படங்களில் குறுக்கே குறுக்கே கறுப்புப் பட்டை. ஒரு அம்மா பிள்ளைக்கு இட்லி ஊட்டுகிற அருமையான படம், பட்டை சரியாக அவர் கண்ணின் மேல்.

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான டியூப்கள் அதற்கேற்ப நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. சைலண்ட் ஷட்டரில் சென்சார், அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லு, வரிவரியாகப் படிப்பதால், மங்கிய நேரத்தில் பதிவான வரிகள் இருட்டாகிவிடுகின்றன.

ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கினேன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்தது, பட்டை போயே போய்விட்டது. 1/50 வைத்தாலும் சரி, ஆனால் பிள்ளைகள் கையை ஆட்டினால் கலங்கிவிடும். 1/100-ஐவிட வேகம் வேண்டுமென்றால், சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று மெக்கானிக்கல் ஷட்டருக்கு (திரை திறந்து மூடும் முறை) மாறி, கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (விளக்கு பளிச்சென்று எரியும் நேரம் பார்த்துப் படம் எடுக்கும் வசதி) இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பிரகாசமாக்கும் அமைப்பு) தாராளமாக ஏற்றலாம், படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உடம்பு முடியாத குழந்தையின் முகத்தில் பிளாஷ் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பெற்றோரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கேமராவைத் தூக்க வேண்டும். கட்டிலில் தொங்கும் கேஸ் ஷீட்டில் பெயர் இருக்கும், அது படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.