ஹைஃபன் உள்ள ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே?

முதலில் ஹைஃபனில் வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள்; அதுவே அசைகளின் எண்ணிக்கை. எழுத்துகளை எண்ணினால் கணக்கு தப்பும்.

அதிகம் தப்புவது கடைசியில் வரும் 'எட்' விகுதியில்தான். மைண்ட், ஹேண்ட் போல ட் ஒலியில் முடியும் சொல்லோடு சேர்ந்தால் அது தனி அசை: absent-minded அசை பிரித்தால் 'ஆப்-சென்ட்-மைண்-டெட்', நான்கு; left-handed 'லெஃப்ட்-ஹேண்-டெட்', மூன்று. மற்ற ஒலிகளுக்குப் பின் பொதுவாக முந்தைய அசையோடு ஒட்டிக்கொள்ளும். 'ஓல்ட்-ஃபேஷன்ட்' மூன்றே அசை. 'ஃபேஷனெட்' என்று இழுத்தால் இல்லாத நான்காவது அசை முளைக்கும். 'மிடில்-ஏஜ்ட்' என்பதும் மூன்றுதான்.

இவ்வகைப் பெயரடைகளில் முதன்மை அழுத்தம் இரண்டாம் பாதியில் விழும்: மைண், ஹேண், ஃபேஷ். முதல் பாதிக்குத் துணை அழுத்தம். ஆனால் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் இடம் மாறலாம். 'ஹி இஸ் வெல்-நோன்' என்பதில் நோன் ஓங்கும். 'எ வெல்-நோன் ஆக்டர்' என்பதில் வெல் ஓங்கும், நோன் தணியும். இந்த நகர்வைப் பழகினாலே பேச்சு வெகுவாக இயல்பாகிவிடும்.

பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் முதல் துண்டே வலிது: 'செக்-இன்', 'மதர்-இன்-லா'. விலக்கு உண்டு; 'பாஸர்-பை' என்பதில் அழுத்தம் கடைசி அசையில். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். ஐ.பி.ஏ. எனும் சர்வதேச ஒலிப்புக் குறியீட்டு முறையில் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு (ˈ), முதன்மை அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால்தான் வரும்.